அப்பாவின் மாத்திரைப் பையை முதலில் கொட்டிப் பாருங்கள்

நீங்கள் எழுதியிருப்பது இது. அப்பாவுக்கு 74 வயது. ஐந்து வருடமாகப் பார்க்கின்சன் நோய், அதற்கு மூன்று வகை மாத்திரை. சிறுநீரை அடக்க முடியவில்லை என்று போன மாதம் இன்னொரு மாத்திரை சேர்ந்தது. பத்து நாளுக்கு முன் சளி பிடித்ததால் மருந்துக்கடையில் கேட்டு ஒரு சிரப் வாங்கிக் கொடுத்தீர்கள். இப்போது நான்கு இரவுகளாக, கட்டிலின் கால்மாட்டில் இரண்டு குழந்தைகள் உட்கார்ந்திருப்பதாகச் சொல்கிறார். "பசியா இருக்கும், பிஸ்கட் குடு" என்கிறார். பகலில் ஓரளவு தெளிவாக இருக்கிறார். பக்கத்து வீட்டில் மந்திரிக்கச் சொல்கிறார்கள், அண்ணன் மனநல மருத்துவமனைக்குக் கூட்டிப்போகலாம் என்கிறார், அம்மா அழுகிறார். எந்த மருந்து, எந்த நோய் இப்படிச் செய்யும் என்று கேட்கிறீர்கள்.

முதியவர்களைப் பார்க்கும் பொதுமருத்துவர் நான். இருபது வருடத்துக்கு மேலாக இதே கேள்வியை வார்டு வாசலில் கேட்டுவருகிறேன். அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்: அப்பாவுக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை. எழுபது வயதுவரை மனநோய் எதுவும் இல்லாத ஒருவருக்குத் திடீரென்று ஆள் தெரிகிறது, பூச்சி தெரிகிறது என்றால், காரணம் பெரும்பாலும் உடம்பில் இருக்கும், அல்லது மாத்திரைப் பையில் இருக்கும். நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் என் சந்தேகம் பைமேல்தான் முதலில் விழுகிறது.

ஒரு அடையாளத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மனச்சிதைவு நோயில் அதிகம் வருவது குரல். யாரோ திட்டுவது, கட்டளையிடுவது. அது பெரும்பாலும் இளவயதில் தொடங்கும். கண்ணுக்கு ஆளும் குழந்தையும் மிருகமும் துல்லியமாகத் தெரிவது, அதுவும் வயதான பிறகு புதிதாகத் தெரிவது, மூளையின் வேதியியலோ கண்ணோ கெட்டிருப்பதைக் காட்டும். விதிவிலக்கு உண்டு. ஆனாலும் இரத்தமும் சிறுநீரும் பரிசோதிக்காமல் இப்படி ஒருவரை மனநோயாளி என்று முடிவுகட்டுவது தப்பு என்பேன்.

அடுத்தது, எவ்வளவு வேகமாக வந்தது என்பது. மணிக்கணக்கில், நாள்கணக்கில் வந்து, காலையில் தெளிந்து அந்தி சாய்ந்ததும் கூடினால் அதை டெலிரியம் என்கிறோம். நம் பாட்டிமார் "ஜன்னி கண்டிருக்கு" என்று சொன்னது ஏறக்குறைய இதைத்தான். காய்ச்சலில் வாய் பிதற்றுவது, போர்வையை நோண்டுவது, காற்றில் எதையோ பிடிப்பது எல்லாம் அவர்கள் கண்ணால் கண்டு பெயர் வைத்தவை. டெலிரியத்தில் முதலில் நழுவுவது கவனம். அப்பாவிடம் கிழமைகளைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்லுங்கள்: சனி, வெள்ளி, வியாழன் என்று. இதுவரை எளிதாகச் சொல்லக்கூடியவர் இப்போது பாதியில் தொலைந்துபோனால், அல்லது நீங்கள் பேசும்போதே கண் சொருகினால், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கிழமைகளைச் சரியாகச் சொல்லிவிட்டு, "அந்தப் பிள்ளைங்க மட்டும் ராத்திரி வருதுங்க" என்றால், மருத்துவரைப் பார்க்க ஒன்றிரண்டு நாள் பொறுக்கலாம். அதற்குமேல் தள்ளிப்போட வேண்டாம்.

இனி மருந்துகள். மூளையில் அசிட்டைல்கோலின் என்று ஒரு பொருள் இருக்கிறது. கவனமும் நினைவும் அதைப் பெரிதும் நம்பி ஓடுகின்றன. வயதானால் அது குறையும். பார்க்கின்சன் நோயில் இன்னும் குறையும். அதன் வேலையைத் தடுக்கும் மருந்துகள் நாம் நினைப்பதைவிட அதிகம். கை நடுக்கத்துக்குத் தரும் ட்ரைஹெக்ஸிஃபெனிடில், சிறுநீர் அவசரத்துக்குத் தரும் ஆக்ஸிபியூட்டினின், சளி சிரப்பில் இருக்கும் குளோர்ஃபெனிரமைன் அல்லது டைஃபென்ஹைட்ரமின், அரிப்புக்குத் தரும் ஹைட்ராக்ஸிசின், வயிற்று வலிக்குத் தரும் டைசைக்ளோமின், நரம்பு வலிக்கும் தூக்கத்துக்கும் தரும் அமிட்ரிப்டிலின் எல்லாம் இந்தக் கூட்டம்தான். ஒவ்வொன்றையும் எழுதிக் கொடுத்தவர் வேறு வேறு ஆளாக இருப்பார். நரம்பு மருத்துவர் ஒன்று, சிறுநீரக மருத்துவர் ஒன்று, கடைக்காரர் ஒன்று. மூன்றும் ஒரே வயிற்றுக்குள் போய்ச் சேருகின்றன என்பதைப் பார்க்கும் ஆள் வீட்டில்தான் இருக்க வேண்டியிருக்கிறது.

இந்த விஷத்தை நம் ஊரில் தெரியாதவர் கிடையாது. சிவனுக்குச் சூட்டும் ஊமத்தை, உன்மத்தம் என்றும் பெயர் பெற்ற அதே செடி, அதன் விதையிலும் காயிலும் இருப்பது அட்ரோபினும் ஸ்கோபோலமினும். ஊமத்தங்காயைத் தின்ற பிள்ளையைத் தூக்கி வருவார்கள். முகம் சிவந்து, தோல் காய்ந்து சுடும், கண்மணி விரிந்திருக்கும், வாய் வறண்டு நாக்கு ஒட்டும், சிறுநீர் போகாது, இல்லாத நூலைக் காற்றில் இழுத்துக்கொண்டிருக்கும். மேலே சொன்ன மாத்திரைகள் செய்வது அதையேதான், மெதுவாக, சிறிய அளவில். ஆகையால் அப்பாவைப் பாருங்கள்: வாய் வறண்டிருக்கிறதா? மலம் போய் எத்தனை நாள்? சிறுநீர் ஒழுங்காகப் போகிறதா, சொட்டுச் சொட்டாக வருகிறதா?

கடைசிக் கேள்வியைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். புராஸ்டேட் வீங்கிய ஆண்களுக்கு இந்த மருந்துகள் சிறுநீர்ப்பையைச் சுருங்கவிடாமல் செய்யும். பை நிரம்பி வழியும். வழிவதைப் பார்த்து "அடக்க முடியவில்லை" என்று நினைப்போம். அடக்குவதற்கு இன்னும் ஒரு மாத்திரை சேரும். நிரம்பிய பையே முதியவரின் மூளையைக் குழப்பப் போதும். சுவரில் எறும்பு ஊர்கிறது என்று இரவெல்லாம் சுவரைத் தட்டிக்கொண்டிருந்த ஒரு பெரியவரை ஒரு முறை சேர்த்தோம். அடிவயிறு பலூன்போல் இருந்தது. குழாய் போட்டதும் ஒரு லிட்டருக்கு மேல் வந்தது. மறுநாள் சாயங்காலம் எறும்பு போய்விட்டது. அப்பாவின் தொப்புளுக்குக் கீழே கை வைத்துப் பாருங்கள். கெட்டியாக, மேடாக இருந்தால் காத்திருக்காமல் கூட்டிப்போங்கள்.

பார்க்கின்சன் மருந்துகள் தனிக்கதை. லெவோடோபா, ப்ராமிபெக்ஸோல், ரோபினிரோல், அமன்டடின் எல்லாமே மாயக்காட்சி கொண்டுவரலாம். அந்த நோயே கொண்டுவரும். அறைக்குள் யாரோ நிற்பது போன்ற உணர்வு, ஓரக்கண்ணில் பூனை ஓடுவது போன்ற தோற்றம் என்று முதலில் சின்னதாகத் தொடங்கும். அதனால் நரம்பு மருத்துவர்கள் மாத்திரைகளை ஒரு வரிசையில் குறைப்பார்கள். முதலில் ட்ரைஹெக்ஸிஃபெனிடில், பிறகு அமன்டடின், பிறகு ப்ராமிபெக்ஸோல் வகை. லெவோடோபாவில் கை வைப்பது கடைசியில்தான், ஏனென்றால் அப்பா எழுந்து நடப்பதே அதனால். வீட்டில் பயந்துபோய் அத்தனையையும் ஒரே நாளில் நிறுத்தினால் உடம்பு விறைத்து, கடும் காய்ச்சல் வந்து, உயிருக்கே ஆபத்தாகும். சளி சிரப்பை இன்றிரவிலிருந்து நிறுத்துங்கள், அதில் நஷ்டமில்லை. மற்றவற்றைத் தொடுமுன் எழுதிக் கொடுத்தவரிடம் தொலைபேசியிலாவது கேளுங்கள். சிறுநீர் மாத்திரைக்குப் பதிலாக மிராபெக்ரான் போன்று அசிட்டைல்கோலினைத் தடுக்காத மருந்து அப்பாவுக்கு ஒத்துவருமா என்றும் கேட்டுவையுங்கள்.

இன்னொன்றை எழுதி மடித்து அப்பாவின் ஃபைலில் வையுங்கள்: மனநோய்க்கும், கலவரப்படுபவரை அடக்கவும் போடும் ஹாலோபெரிடால் வேண்டாம். இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பயிற்சிக் காலத்தில், ஒரு மருத்துவமனையில் இரவுப் பணியில், "வீட்டுக்குள்ள மாடு வந்திருச்சு" என்று சத்தம் போட்ட முதியவருக்கு நானே ஹாலோபெரிடால் ஊசி போட்டேன். காலையில் அவர் மரக்கட்டைபோல் விறைத்துக் கிடந்தார். விழுங்க முடியவில்லை. பழையபடி உட்கார ஒன்பது நாள் ஆனது. அவருக்கு இருந்தது லூயி உடல் மறதிநோய் என்று பிறகுதான் தெரிந்தது. உடம்பின் அசைவுக்கு வேண்டிய டோபமைன் என்ற மூளைப் பொருளைத் தடுக்கும் மருந்துகளை இவர்களும் பார்க்கின்சன் நோயாளிகளும் தாங்கமாட்டார்கள். வாந்திக்குப் போடும் மெட்டோகுளோப்ரமைடும் தலைச்சுற்றலுக்குத் தரும் புரோகுளோர்பெரசினும்கூட அந்த வகைதான். மருந்து கட்டாயம் வேண்டுமென்றால் குறைந்த அளவு குவெட்டியபினையோ, இரத்த அணுக்களை எண்ணிக்கொண்டே கொடுக்கும் குளோசபினையோ நரம்பு மருத்துவர் தேர்ந்தெடுப்பார்.

லூயி உடல் நோயைச் சொன்னதால் அதையும் முடித்துவிடுகிறேன். 1912இல் ஃபிரெட்ரிக் லூயி என்ற மருத்துவர் பார்க்கின்சன் நோயாளிகளின் மூளைச் செல்களுக்குள் கண்ட உருண்டைகளால் வந்த பெயர். அது மூளை முழுக்கப் பரவினால் நடையும் கெடும், புத்தியும் ஏறி இறங்கும், துல்லியமான ஆள்களும் குழந்தைகளும் மிருகங்களும் தெரியும். அம்மாவிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: பல வருடமாகவே அப்பா தூக்கத்தில் கத்துவாரா, கனவில் யாரையோ அடிப்பதுபோல் கை காலை வீசுவாரா? அந்தப் பழக்கம் இந்த வகை நோய்களுக்குப் பல வருடம் முன்னதாகவே வரும் அறிகுறி. ஆம் என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள். ரிவாஸ்டிக்மின் என்ற மருந்து அசிட்டைல்கோலினைக் கூட்டி, சிலருக்கு இந்தக் காட்சிகளைக் குறைக்கிறது.

வேறு மருந்துகளைப் பற்றியும் கேட்டீர்கள். ஸ்டீராய்டு மிக முக்கியமானது. ஆஸ்துமாவுக்கும் மூட்டு வாதத்துக்கும் தரும் பிரெட்னிசோலோனில், மனநிலைக் கோளாறு அளவைப் பொறுத்துக் கூடும் என்பதை 1972இல் வெளியான பாஸ்டன் ஆய்வு காட்டியது. நாளுக்கு 40 மில்லிகிராம் வரை எடுத்தவர்களில் 1.3 சதவீதம், 80க்கு மேல் போனபோது 18.4 சதவீதம். தூக்கம் போய், பேச்சு கூடி, பிறகு காட்சி வரும். அதையும் சட்டென்று நிறுத்தக்கூடாது. வலிக்குத் தரும் டிராமடால், மார்ஃபின், தூக்கத்துக்குத் தரும் சோல்பிடெம், காசநோய்க்குத் தரும் சைக்ளோசெரின், சிப்ரோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாட்டிக், இதயத்துக்குத் தரும் டிகாக்சின் ஆகியவையும் இதைச் செய்யலாம். டிகாக்சின் மிகுந்தால் பார்ப்பதெல்லாம் மஞ்சளாகத் தெரிவதும் உண்டு. சிறுநீரகம் பழுதானவருக்கு, அக்கிக்குத் தரும் அசைக்ளோவிரும், செஃபிபைம் என்ற ஆன்டிபயாட்டிக் ஊசியும் வழக்கமான அளவிலேயே விஷமாகும். டயாலிசிஸ் நோயாளி அக்கி மாத்திரை தொடங்கிய இரண்டாம் மூன்றாம் நாள் உளறினால் மாத்திரையைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். வீட்டில் மூச்சிரைப்புக்கு மான்டெலுகாஸ்ட் சாப்பிடும் பிள்ளை இருந்தால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள்: அது மனநிலையைப் பாதிக்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020இல் அட்டையிலேயே கட்டம் போட்டு எச்சரிக்கச் சொன்னது.

சேர்வதால் மட்டும் இல்லை, நிற்பதாலும் வரும். தினமும் குடிப்பவர் கால் ஒடிந்து ஆஸ்பத்திரியில் படுக்கிறார். குடியைப் பற்றி வீட்டார் வெட்கப்பட்டு மறைக்கிறார்கள். மூன்றாம் நாள் அவருக்குக் கை நடுங்கி, வேர்த்துக் கொட்டி, கட்டிலெல்லாம் பூச்சி ஓடுகிறது. கடைசியாகக் குடித்து 48இலிருந்து 96 மணி நேரத்துக்குள் வரும் இந்த நிலை உயிரைக் குடிக்கும். லோராசெபம் வகை மருந்தும், குளுகோஸுக்கு முன்னால் தயமின் என்ற பி1 வைட்டமினும் கொடுத்தால் மீட்கலாம். பல மாதம் தூக்க மாத்திரை சாப்பிட்டவர் திடீரென்று நிறுத்தினாலும் இதே கதைதான். சேர்க்கும்போதே உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். யாரும் உங்களை மட்டமாக நினைக்கமாட்டார்கள்.

நோய்களில் அடிக்கடி பார்ப்பது சாதாரணமானவைதான்: சிறுநீர்த் தொற்று, நிமோனியா, நீர்ச்சத்துக் குறைவு, கெட்டிப்பட்ட மலம், சர்க்கரை ஏறுவது, இறங்குவது, கல்லீரல் அல்லது சிறுநீரகம் கெட்டு இரத்தத்தில் நச்சு சேர்வது. முதியவருக்குக் காய்ச்சல் இல்லாமலேயே தொற்று இருக்கும். குழப்பம் ஒன்றே அறிகுறியாக வரும். சோடியத்தைத் தனியாகச் சொல்கிறேன். 135இலிருந்து 145 வரை இருக்க வேண்டியது 120க்குக் கீழே இறங்கியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இரத்த அழுத்த மாத்திரையில் ஹைட்ரோகுளோரோதயசைடு அல்லது குளோர்தாலிடோன் கலந்திருக்கும். மனச்சோர்வுக்கு எஸிட்டலோப்ராம் இருக்கும். போதாததற்கு அழுத்தம் என்று உப்பே இல்லாமல் கஞ்சி கொடுப்பார்கள். ஒரு சின்ன இரத்தப் பரிசோதனை இதைக் காட்டிவிடும். இடுப்பு எலும்பு முறிந்து அறுவை முடிந்த முதியவர்களுக்கு வலி, மயக்க மருந்து, தூக்கமின்மை, அந்நிய இடம் எல்லாம் சேர்ந்து டெலிரியம் வருவது மிகச் சாதாரணம். அவர்கள் பக்கத்தில் தெரிந்த முகம் ஒன்று இருப்பதே பாதி மருந்து.

மனம் முழுத் தெளிவாக இருந்தும் காட்சி தெரிகிற ஒரு கூட்டம் உண்டு. பார்வை மங்கியவர்கள். ஜெனீவாவைச் சேர்ந்த இயற்கை ஆய்வாளர் சார்லஸ் பொனே 1760இல் தன் தாத்தா சார்லஸ் லுலின் பார்த்ததை எழுதிவைத்தார். கண்புரையால் பார்வை தேய்ந்த அந்த முதியவருக்கு ஆண்கள், பெண்கள், பறவைகள், வண்டிகள், கட்டடங்கள் எல்லாம் சத்தமே இல்லாமல் தோன்றி மறைந்தன. அவை நிஜமில்லை என்று அவருக்கே தெரிந்திருந்தது. கண்ணிலிருந்து செய்தி வராதபோது மூளை தானே படம் வரைகிறது. கண் நீர் அழுத்தத்தாலும் சர்க்கரையாலும் பார்வை இழந்த நம் தாத்தா பாட்டிகள் எத்தனையோ பேர் இதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கிறார்கள், பைத்தியம் என்பார்களே என்று. "உங்களுக்கு இல்லாதது ஏதாவது தெரியுமா?" என்று நான் மெல்லக் கேட்டதும் கண் கலங்கியவர்கள் உண்டு. விளக்கைப் போட்டால், கண்ணை இடமும் வலமும் வேகமாக அசைத்தால் பல நேரம் காட்சி கலைந்துவிடும். காது கேளாதவர்களுக்கு இதே வகையில் பாட்டு கேட்கும்; எங்கோ கோயில் ஒலிபெருக்கியில் ஓடுவதாக நினைத்துப் பக்கத்து வீட்டாரிடம் குறைக்கச் சொல்வார்கள். காது கருவி பலருக்கு அதைத் தணிக்கிறது.

இளவயதுக்காரர் ஒருவரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், மந்திரிப்பு என்ற பேச்சு வந்ததால். இருபது வயதுப் பெண் சில நாளில் குணம் மாறி, இல்லாததைப் பார்த்து, பிறகு வலிப்பு வந்து, வாயைக் கோணி, சிலைபோல் உறைந்துபோகிறாள். பேய் என்று பல வாரம் ஓடிவிடுகிறது. 2007இல் ஹோசெப் டல்மாவ் குழு விவரித்த மூளை அழற்சி இது. உடம்பின் எதிர்ப்பொருளே, மூளைச் செல்கள் செய்தி வாங்கும் என்எம்டிஏ ஏற்பிகளைத் தாக்குவதால் வருவது. சிலருக்குச் சினைப்பையில் உள்ள கட்டி தூண்டிவிடும். சீக்கிரம் சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலோர் தேறிவிடுகிறார்கள். கோயிலுக்குப் போய் விபூதி பூசிக்கொள்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, மருத்துவமனைக்குப் போகிற வழியில் அது நடக்கட்டும்.

தூங்கும் நேரத்திலும் விழிக்கும் நேரத்திலும் மட்டும் வருவது, அமுக்குவான் பேய் என்று சொல்கிறோமே அது, பெரும்பாலும் தீங்கற்றது. போனவர் குரல் கேட்பதும் அப்படியே. வேல்ஸில் துணையை இழந்த 293 பேரை விசாரித்து 1971இல் வெளியான ஆய்வில் ஏறத்தாழப் பாதிப்பேர், போனவர் அருகில் இருப்பதாக உணர்ந்ததையோ அவரைக் கண்டதையோ சொன்னார்கள். அது துக்கம், மாத்திரை வேண்டாம். ரப்பர் கருகுகிற நாற்றம் திரும்பத் திரும்ப ஓரிரு நிமிடம் வந்துபோனால் மட்டும் வலிப்பு நோயா என்று பார்க்க வேண்டும்.

சரி, இன்றிரவு. அறையில் சிறிய விளக்கு எரியட்டும். நிழல் விழும் சட்டை, தொங்கும் துண்டு, கண்ணாடி எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். மூக்குக்கண்ணாடியைப் போட்டே இருக்கட்டும். "அங்க யாருமே இல்லப்பா" என்று வாதாடாதீர்கள், அவர் கண்ணுக்குத் தெரிகிறது. பிஸ்கட்டை எடுத்துக் காலியிடத்தில் நீட்டவும் வேண்டாம். "எனக்குத் தெரியலப்பா, உங்களுக்குத் தெரியுதுன்னு புரியுது. நான் இங்கதான் இருக்கேன், பயப்படாதீங்க" என்று கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். கட்டிப்போடவே கூடாது. தூக்க மாத்திரை கொடுத்துப் பார்க்கலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

மருத்துவமனைக்குப் போகும்போது மாத்திரைச் சீட்டு மட்டும் போதாது. வீட்டில் இருக்கிற அத்தனை அட்டையும் பாட்டிலும், கண் சொட்டு மருந்தும், சித்த மருந்துச் சூரணமும், அம்மாவின் மாத்திரையை அவர் தவறிச் சாப்பிட்டிருக்கலாம் என்பதால் அதுவும், ஒரே பையில் போய்ச் சேரட்டும். ஒவ்வொன்றும் எந்தத் தேதியில் தொடங்கியது, காட்சி எந்தத் தேதியில் தொடங்கியது என்று ஒரு தாளில் எழுதுங்கள். பாதிக் கண்டுபிடிப்பு அந்தத் தாளிலேயே நடந்துவிடும். சோடியம், சர்க்கரை, யூரியா, கிரியேட்டினின், இரத்த அணுக்கள், கல்லீரல், தைராய்டு, பி12, சிறுநீர்ப் பரிசோதனை இவற்றைக் கேளுங்கள். அண்ணன் சொன்ன மனநல மருத்துவரையும் நான் தள்ளவில்லை. இந்த முடிவுகள் கையில் வந்தபிறகு அவர் துணை நிறைய உதவும்.

காய்ச்சல், மூச்சுத் திணறல், வலிப்பு, ஒரு பக்கக் கை கால் சோர்வு, வாய் கோணல், கீழே விழுந்து தலையில் அடி, எழுப்பினாலும் எழாத தூக்கம், இவற்றில் ஒன்று இருந்தாலும் 108ஐ அழையுங்கள், விடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

சிரப் பாட்டிலின் பின்பக்கம் சிறிய எழுத்தில் இருக்கும் பெயர்களைப் படித்து எழுதுங்கள். சிறுநீர் மாத்திரையின் பெயரும், சோடியம் அளவும் கிடைத்ததும் அனுப்புங்கள். அந்தக் குழந்தைகள் இன்னும் வருகிறார்களா என்றும் மறக்காமல் எழுதுங்கள்.